காத்திருக்கும் கைக்கு வேலை வேண்டும்: இளம் ஆட்டக்காரர்களுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

கேம் ஆடத் தொடங்கி ஓரிரு ஆண்டுகளே ஆன பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “அடுத்த பாகம் எப்போது வரும்?” அந்தத் தேதி எனக்குத் தெரியாது. ஆனால் அதுவரை என்ன செய்யலாம் என்று கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் காலத்தின் பெரிய காத்திருப்பு ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் இருக்கும் ‘டீம் செர்ரி’ என்ற சிறு குழு அதை 2019 பிப்ரவரி 14 அன்று அறிவித்தது. கேம் எங்கள் கைக்கு வந்தது 2025 செப்டம்பர் 4 அன்று. நடுவில் ஆறரை ஆண்டுகள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காத்திருக்கத் தொடங்கியவர்கள் வேலைக்குப் போன பிறகு அதை ஆடினார்கள். அந்த ஆண்டுகளில் சிலர் கசந்து போனார்கள், சிலர் நன்றாக வளர்ந்தார்கள். இரு தரப்பையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் காத்திருந்த காலத்தில் கையில் ஒரு வேலை இருந்தது. அந்த வேலைகள் என்னென்ன என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் காத்திருப்பது வேறு கேமாக இருக்கலாம். பாடம் அதற்கும் பொருந்தும்.

1. முதல் பாகத்தை முடியுங்கள். முடித்த பிறகு இன்னொரு முறை ஆடுங்கள்.

‘ஹாலோ நைட்’ 2017 பிப்ரவரி 24 அன்று வெளிவந்தது. ஹாலோநெஸ்ட் என்ற பாழடைந்த பூச்சி ராஜ்யத்துக்குள் ஒரு சிறு வீரன் இறங்கிப் போகும் கதை. அதன் பிறகு ‘ஹிடன் டிரீம்ஸ்’, ‘தி கிரிம் ட்ரூப்’, ‘லைஃப்பிளட்’, ‘காட்மாஸ்டர்’ என்று நான்கு கூடுதல் பகுதிகள் 2018 ஆகஸ்டுக்குள் இலவசமாகவே வந்துசேர்ந்தன. இவை அனைத்தையும் ஆடி முடிக்காமல் இரண்டாம் பாகத்துக்காக ஏங்கியவர்கள் ஏராளம். தட்டில் இருப்பதைப் பார்க்காமலே அவர்கள் அடுத்ததைக் கேட்டார்கள்.

இரண்டாம் முறை ஆடும்போது கண் வேறு இடங்களில் நிற்கும். சில்க்சாங்கின் நாயகி ஹார்னெட் முதல் பாகத்திலேயே இருக்கிறாள். பசுமை படர்ந்த ‘கிரீன்பாத்’தில் ஒரு முறை, சாம்பல் உதிரும் ‘கிங்டம்ஸ் எட்ஜ்’இல் மறுமுறை என்று அவள் நம்மை வழிமறித்துச் சண்டையிடுவாள். ஊசியை நூலோடு வீசி இழுத்துக்கொள்வாள், தன்னைச் சுற்றி நூலைச் சுழற்றுவாள், மேலே எழும்பிச் சாய்வாகப் பாய்வாள். இரண்டாம் சண்டையில் முள் பொறிகளும் வைப்பாள். அன்று அவளிடம் அடி வாங்கிக்கொண்டே இதையெல்லாம் கவனித்தவர்களுக்கு, ஆண்டுகள் கழித்து அதே அசைவுகள் தம் விரல்களுக்கு வந்தபோது அவை புதிதாகத் தெரியவில்லை. வரப்போகும் கேமுக்கு முதல் பயிற்சி பெரும்பாலும் ஏற்கெனவே நம்மிடம் உள்ள கேமில்தான் இருக்கிறது.

2. புது நாயகியிடம் பழைய நாயகனைத் தேடாதீர்கள்.

முதல் பாகத்தின் வீரன் பேசமாட்டான். உள்ளே வெறுமையான ஒரு பாத்திரமாகத்தான் அவன் படைக்கப்பட்டிருந்தான். ஹார்னெட் பேசுவாள். ஹாலோநெஸ்டின் வெளிறிய அரசனுக்கும், ‘டீப்நெஸ்ட்’ என்ற ஆழ்குகையை ஆண்ட ஹெர்ராவுக்கும் பிறந்தவள். தாயை இழக்க நேர்ந்தவள். அவளுக்கென்று ஒரு கடந்த காலமும், கருத்தும், கோபமும், மரியாதையும் உண்டு.

நாயகி மாறினால் கேமின் எலும்பே மாறும். வீரன் கீழே கீழே இறங்கினான். ஹார்னெட்டையோ ஃபார்லூம் என்ற அந்நிய ராஜ்யத்துக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகிறார்கள். கூண்டு உடைந்து அந்த ராஜ்யத்தின் அடித்தளத்தில் விழுகிறவள், உச்சியில் இருக்கும் கோட்டையை நோக்கி ஏறுகிறாள். அவள் உயரமானவள், வேகமானவள். அவளுக்கு ஈடு கொடுக்க எதிரிகளும் வேகமாகிறார்கள்: பின்வாங்குகிறார்கள், துரத்துகிறார்கள், நாம் தப்பும் திசையை அடைக்கிறார்கள்.

வெளியான முதல் வாரத்தில் “பழைய கேம் மாதிரி இல்லையே” என்று குறைப்பட்டவர்கள் பலர். அவர்கள் கைகள் இன்னும் வீரனைத்தான் ஆடிக்கொண்டிருந்தன. நீங்கள் எந்த இரண்டாம் பாகத்துக்குக் காத்திருந்தாலும், புதிதாக வருபவர் யார், எங்கிருந்து வருகிறார், அவரால் எது முடியும், எது முடியாது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். அவர் தம் சொந்தக் காலில் நிற்க நாம்தான் இடம் விட வேண்டும்.

3. செய்பவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டீம் செர்ரியின் மையம் இரண்டு பேர்: ஆரி கிப்சன், வில்லியம் பெலன். நிரலாக்கத்துக்கு ஜாக் வைன். இசை, அதே அடிலெய்ட் நகரத்தின் கிறிஸ்டோஃபர் லார்கின். விளம்பரத்துக்கும் வெளியுலகத் தொடர்புக்கும் மேத்யூ கிரிஃபின். வேறு சிலர் அவ்வப்போது உதவியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் குழு என்றே சொல்லலாம்.

அவர்களுடைய தொடக்கமும் சிறியது. 2013இல் ‘லூடம் டேர்’ என்ற கேம் ஜாமுக்காக, அதாவது இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் போட்டிக்காக, ‘ஹங்ரி நைட்’ என்ற குட்டி கேமைச் செய்தார்கள். அந்தக் குட்டி வீரன்தான் பின்னால் ஹாலோ நைட்டின் நாயகன் ஆனான். 2014 இறுதியில் ‘கிக்ஸ்டார்ட்டர்’ என்ற நிதி திரட்டும் தளத்தில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார்கள். 2,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 57,000-க்கும் மேல் கொடுத்தார்கள்.

நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனத்தின் கால அட்டவணையை இப்படிப்பட்ட குழுவின் மேல் சுமத்துவது நியாயமில்லை. காத்திருக்கும் முன் ஆட்களை எண்ணிப் பாருங்கள். பொறுமை பாதி தானாக வந்துவிடும்.

4. தாமதம் எப்படி உண்டாகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஹார்னெட்டுக்குத் தனி கேம் என்பது முதலில் திட்டத்திலேயே இல்லை. கிக்ஸ்டார்ட்டரில் குறித்த தொகைக்கு மேல் பணம் சேர்ந்தால் இன்னொரு பாத்திரத்தையும் ஆட வைப்போம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த வாக்குறுதியை நிறைவேற்ற வந்தவள்தான் ஹார்னெட். முதல் பாகத்தின் கூடுதல் பகுதியாகத் தொடங்கிய வேலை, அதற்குள் அடங்காமல் பெருத்துத் தனி கேமாக ஆனது.

இந்தப் பெருக்கம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கையால் வரையும் கேமில் ஓர் எதிரியைச் சேர்க்க வேண்டுமானால் அது நிற்பது, நடப்பது, அடிக்கக் கை ஓங்குவது, அடிப்பது, அடி வாங்குவது, விழுவது எல்லாவற்றையும் படம் படமாக வரைய வேண்டும். கை ஓங்கும் அந்த ஒரு நொடி மிக முக்கியம், ஏனென்றால் ஆட்டக்காரன் அதைப் பார்த்துத்தான் விலகுவான். அது சற்றுக் குறுகினால் சண்டை அநியாயமாகும், சற்று நீண்டால் சப்பென்று போகும். பிறகு அதற்கு ஒலி, அது வாழும் இடம், அதை வென்றால் கிடைக்கும் பொருள். ஹார்னெட்டுக்கு ஒரு புதுத் திறன் கொடுத்தால், அதை வைத்துக்கொண்டு பழைய அறைகளில் எங்கெல்லாம் ஏற முடியும் என்று வரைபடம் முழுவதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஓர் அறையைச் சேர்த்தால் அதைச் சுற்றியுள்ள பத்து அறைகள் அசையும்.

2019இல் அறிவித்தபோது 150-க்கும் மேற்பட்ட எதிரிகள் என்றார்கள். 2025இல் வெளியிடும்போது 200-க்கும் மேல், அதோடு 40-க்கும் மேற்பட்ட பாஸ்கள் என்றார்கள். ஏன் இவ்வளவு காலம் என்று ‘புளூம்பெர்க்’ செய்தியாளர் ஜேசன் ஷ்ரைர் 2025 ஆகஸ்டில் கேட்டபோது, கிப்சனும் பெலனும் பெரிய நெருக்கடிக் கதை எதையும் சொல்லவில்லை. வேலை எங்கும் சிக்கி நிற்கவில்லை, செய்வது மகிழ்ச்சியாக இருந்தது, அதனால் சேர்த்துக்கொண்டே போனோம் என்பதுதான் அவர்கள் பதிலின் சாரம். முதல் பாகம் அதற்குள் 1.5 கோடி பிரதிகள் விற்றிருந்ததால் பணத்துக்காக அவசரப்படவும் தேவை இருக்கவில்லை. வெளியே இருந்த நாம் பல ஆண்டுகள் கெட்டதையே கற்பனை செய்துகொண்டிருந்தோம். உள்ளே இருவர் ஆனந்தமாக வரைந்துகொண்டிருந்தார்கள். இனி ஒரு கேம் தாமதமானால் இந்தச் சாத்தியத்தையும் மனத்தில் வையுங்கள்.

5. செய்பவர்கள் தேதியோடு சொன்னதை மட்டும் நம்புங்கள்.

2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சி ஒன்றில் சில்க்சாங் டிரெய்லர் வந்தது. அங்கே காட்டப்பட்ட கேம்கள் எல்லாம் அடுத்த 12 மாதங்களுக்குள் வரும் என்று அறிவிக்கப்பட்டது. 2023 மே மாதம் கிரிஃபின், திட்டமிட்டபடி அந்த ஆண்டின் முதல் பாதியில் வராது என்று எழுதினார். அதன்பின் நீண்ட மௌனம். 2025 ஏப்ரல் 2 அன்று நிண்டெண்டோவின் நிகழ்ச்சியில் சில நொடிக் காட்சி, ‘2025’ என்ற ஆண்டு மட்டும். கடைசியில் ஆகஸ்ட் 21 அன்றுதான் நாளும் மாதமும் தெரிந்தன. அதற்கு இரண்டே வாரத்தில் கேம் வந்துவிட்டது.

இந்த இடைவெளியை வதந்தி நிரப்பியது. 2025 தொடக்கத்தில் பெலன் தம் சமூக ஊடகக் கணக்கில் ஒரு கேக் படத்தை வைத்தார். அந்தப் படம் எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன தேதி ஒளிந்திருக்கிறது என்று ஆயிரக்கணக்கானோர் கணக்குப் போட்டார்கள். அதில் எதுவும் இல்லை என்று கிரிஃபினே சொல்ல வேண்டியதாயிற்று.

கூடி யூகிப்பதில் மகிழ்ச்சி உண்டு. அதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் யூகத்தைச் செய்தியாக்கிப் பரப்பாதீர்கள். பொய்யான தேதியை நம்பி விடுமுறை எடுப்பவர், தம்பிக்கு வாக்குக் கொடுப்பவர் என்று மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். ஆண்டு மட்டும் சொன்னால் அது ஆசை. மாதமும் நாளும் சொன்னால்தான் அது தேதி.

6. செய்பவர்கள் யாருக்குக் கடன்பட்டவர்கள், யாருக்கு இல்லை என்று பிரித்துப் பாருங்கள்.

கிக்ஸ்டார்ட்டரில் பணம் கொடுத்தவர்களுக்கு டீம் செர்ரி கடன்பட்டிருந்தது. அதை மறக்காமல் அவர்களுக்குச் சில்க்சாங்கை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. மற்றவர்களான நமக்கு அப்படி எந்தக் கடனும் இல்லை. முன்பதிவு என்ற பெயரில் யாரிடமும் முன்பணம்கூட வாங்கவில்லை. வெளிவந்தபோது விலை 20 அமெரிக்க டாலர். அவ்வளவு பெரிய கேமுக்கு அது குறைந்த விலை.

அன்பு மிகுந்தால் உரிமை கொண்டாடத் தோன்றும். அந்த உரிமை வசையாக மாறும் இடத்தில் நின்றுவிடுங்கள். செய்பவருக்கு எழுதத் தோன்றினால், அவருடைய பழைய கேமில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று எழுதுங்கள். அதைப் படித்து யாரும் சோர்ந்து போவதில்லை.

7. அதே குலத்து மற்ற கேம்களை ஆடுங்கள்.

எந்தக் கேமும் தனியாகப் பிறப்பதில்லை. புதுத் திறன் கிடைத்ததும் பழைய வழிக்குத் திரும்பிப் பூட்டிய கதவைத் திறக்கும் இந்த வகைக்கு வேர்கள் இரண்டு. ஒன்று 1986இல் வந்த ‘மெட்ராய்டு’. கவசம் அணிந்த அந்த வீரர் சாமஸ் ஒரு பெண் என்பது கடைசியில்தான் தெரியும். மற்றொன்று 1997இல் வந்த ‘காசில்வேனியா: சிம்பொனி ஆஃப் தி நைட்’. ஹார்னெட்டின் மூத்தோர் யார் என்று இவற்றில் பார்க்கலாம்.

2004இல் ஜப்பானின் டைசுகே அமயா ஒற்றை ஆளாகச் செய்து இலவசமாகக் கொடுத்த ‘கேவ் ஸ்டோரி’, தனிமனிதன் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சான்று. 2018இன் ‘செலஸ்ட்’, மலையேறும் மேடலின் என்ற பெண்ணின் கதை. தாவுவது, பற்றுவது, காற்றில் திசை மாற்றுவது ஆகியவற்றைத் துல்லியமாகக் கற்றுத்தரும். ‘ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ்’ ஓட்டத்தின் இன்பத்தைக் காட்டும். தைவானின் ரெட் கேண்டில் நிறுவனம் 2024இல் தந்த ‘நைன் சோல்ஸ்’, எதிரியின் அடியை அது விழும் கணத்தில் தட்டிவிடப் பழக்கும்.

இவற்றில் மூன்றையாவது முடித்துவிட்டுச் சில்க்சாங்குக்குள் போனவர்களை நான் கவனித்தேன். அவர்கள் நடுங்கவில்லை. ஒவ்வொரு கேமும் அவர்கள் விரலில் ஏதோ ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தது.

8. ஒரே கேமைப் பார்த்துக்கொண்டு மற்றச் சிறு குழுக்களை மறக்காதீர்கள்.

செப்டம்பர் 4 என்று தேதி வந்த உடனே, அதே நாள்களில் வெளியாக இருந்த சிறு கேம்கள் சில ஒதுங்கிப் போயின. ‘டீமன்ஸ்கூல்’ நவம்பருக்கு நகர்ந்தது. ‘பேபி ஸ்டெப்ஸ்’ அதே மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனது. அவர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள்தான். பெரிய மழையில் சிறு குரல் கேட்காது என்று பயந்தார்கள்.

நீங்கள் விரும்பும் கேமும் ஒரு நாள் யாருக்கும் தெரியாத கேமாகத்தான் இருந்தது. 2014இல் அதற்குப் பணம் கொடுத்த அந்தச் சில ஆயிரம் பேர் இல்லையென்றால் ஹார்னெட்டே இல்லை. காத்திருக்கும் மாதங்களில் பேர் தெரியாத ஒரு குழுவின் கேமையாவது வாங்கி ஆடுங்கள். பிடித்திருந்தால் நான்கு பேரிடம் சொல்லுங்கள்.

9. வரும் நாளில் நிதானமாக இருங்கள்.

சில்க்சாங் வெளியான வேளையில் ஸ்டீம், நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன் கடைகள் கூட்டம் தாங்காமல் திணறின. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்க முடியாமல் பலர் தவித்தார்கள். ஆனாலும் அன்றே ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். ஆறரை ஆண்டு பொறுத்தவர்களுக்கு அந்த ஓரிரு மணி நேரம்தான் பெரும்பாடாக இருந்தது.

முதல் நாளே முடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விமர்சகர்களுக்குக்கூட டீம் செர்ரி முன்கூட்டியே பிரதி அனுப்பவில்லை. காத்திருந்த ரசிகர்களுக்கு முன் வேறு யாரும் ஆடுவது சரியல்ல என்று நினைத்தார்கள். அதனால் முதல் வாரத்தில் உலகத்தில் யாருக்குமே வழி தெரியாது. எல்லோரும் ஒன்றாகத் தொலைந்து, ஒன்றாகத் தேடினார்கள். அந்த வாய்ப்பு ஒரு கேமின் வாழ்நாளில் ஒரே முறைதான் வரும். வழிகாட்டி வீடியோக்களைத் திறக்காமல் சில நாள் நடந்து பாருங்கள். நீங்கள் முந்திப் போய்விட்டால், பின்னால் வருபவரிடம் என்ன நடக்கிறது என்று உடைத்துச் சொல்லாதீர்கள்.

10. ஹார்னெட்டாக நடக்கும்போது இவற்றை நினைவில் வையுங்கள்.

இன்றுதான் சில்க்சாங்கைத் திறப்பவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கீழ்நோக்கிய அடி. வீரன் நேர் கீழே வெட்டி எதிரியின் தலைமேல் துள்ளுவான். ஹார்னெட்டோ தொடக்கத்தில் சாய்வாகப் பாய்வாள். நேர் மேலே போய் நின்றால் தவறிவிடும். சற்றுத் தள்ளி நின்று பாய வேண்டும். பாறையோ பூவோ, ஆபத்தில்லாத ஓரிடத்தில் இதைக் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். அதன்பிறகும் பிடிக்கவில்லையென்றால் வழியில் கிடைக்கும் வேறு ‘கிரெஸ்ட்’ சின்னங்களை அணிந்து பாருங்கள். அவற்றில் சில இந்த அடியையே மாற்றிவிடும்.

அடுத்தது ஆறும் முறை. அவள் பட்டு நூலைச் செலவழித்து, உயிரைக் காட்டும் முகமூடிகளில் மூன்றை ஒரே முறையில் மீட்பாள். காற்றில் இருந்தபடியும் செய்யலாம். ஆனால் பட்டு பெரும்பாலும் எதிரியை அடித்தால்தான் சேரும். ஆகவே பயந்து ஓடினால் மருந்து கிடைக்காது. அடி, விலகு, அடி, பிறகு தாவி எழுந்து ஆற்றிக்கொள். இதுதான் இந்த கேமின் மூச்சு. ஆரம்பத்தில் இருப்பது ஐந்தே முகமூடி. பல எதிரிகள் ஓர் அடிக்கு இரண்டைப் பறிப்பார்கள். உயிர் இரண்டுக்கு இறங்கும்வரை காத்திருக்காமல் முன்பே ஆற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பணம். இங்கே நாணயம் ஜெபமாலை மணிகள். இறந்தால் கையிலுள்ள மணிகள் விழுந்த இடத்தில் ஒரு கூட்டுக்குள் தங்கிவிடும். திரும்பிப் போய் எடுப்பதற்குள் மறுபடி இறந்தால் போனது போனதுதான். மணிகளைக் கோத்து மாலையாக வைத்துக்கொண்டால் அவை விழாது. கோப்பதற்குச் சிறிது மணி செலவாகும், இருந்தாலும் கோத்துவிடுங்கள். ஓய்வெடுக்கும் பெஞ்சுகள் சிலவற்றில் உட்காரவே மணி கேட்பார்கள். எனவே கையில் எப்போதும் கொஞ்சம் இருக்கட்டும். அந்தக் கூட்டை உடைத்தால் பட்டும் நிரம்பும். சண்டைக்களத்துக்குள்ளேயே கூடு கிடந்தால், உயிர் குறையும் வரை அதை உடைக்காமல் சேமித்து வையுங்கள்.

நான்காவது வழி. வரைபடம் விற்கும் ஷாக்ரா பாடிக்கொண்டே இருப்பாள். காதைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தால் அவள் குரலே உங்களை அழைத்துப்போகும். லார்கினின் இசையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒலியைக் குறைத்து ஆடாதீர்கள்.

கடைசியாக, ஒரு பாஸ் மறுபடி மறுபடி வீழ்த்தினால் அங்கேயே நெற்றியை மோதிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபார்லூம் பல வாசல் கொண்ட ஊர். வேறு பக்கம் போனால் ஒரு கருவி கிடைக்கும், ஒரு திறன் கிடைக்கும், ஒரு வேண்டுகோளை நிறைவேற்றினால் நட்பு கிடைக்கும். திரும்பி வரும்போது அதே பாஸ் உங்களுக்குச் சிறிதாகத் தெரியும்.

11. கடினம் என்று சொல்பவரைத் தாழ்த்தாதீர்கள்.

சில்க்சாங் கடினமான கேம். வெளியான முதல் நாள்களிலேயே அதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. “திறமை போதவில்லை” என்று சிலரைச் சிலர் கேலி செய்தார்கள். டீம் செர்ரியோ அதே மாதம் வெளியிட்ட முதல் திருத்தத்திலேயே ‘மூர்விங்’, ‘சிஸ்டர் ஸ்பிளிண்டர்’ என்ற தொடக்கப் பாஸ்கள் இரண்டைக் கொஞ்சம் தணித்தது. செய்தவர்களே காது கொடுத்துக் கேட்டபோது, ஆடுகிற நாம் ஏளனம் செய்ய என்ன இருக்கிறது?

ஒருவருக்குக் கை வலி இருக்கலாம். ஒருவருக்குக் கண் கூசலாம். ஒருவருக்கு நாளில் அரை மணி நேரம்தான் ஓய்வு கிடைக்கலாம். நீங்கள் வென்ற இடத்தில் ஒருவர் தோற்றுக்கொண்டிருந்தால், அருகில் உட்கார்ந்து எதிரி எப்போது கை ஓங்குகிறான் என்று காட்டிக்கொடுங்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து காத்திருந்தவர்களுக்குள் அந்த உறவு கேம் வந்த பிறகும் நீடிக்க வேண்டும்.

12. அடுத்ததற்குக் காத்திருக்கும்போது நீங்களும் ஒன்றைச் செய்யுங்கள்.

2025 டிசம்பரில் டீம் செர்ரி, சில்க்சாங்குக்கு ‘சீ ஆஃப் சாரோ’ என்ற கூடுதல் பகுதி 2026இல் இலவசமாக வரும் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பில் ஆண்டு மட்டும்தான் சொன்னார்கள், தேதி சொல்லவில்லை. ஐந்தாவது அறிவுரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு காத்திருப்பு முடியும்போது இன்னொன்று தொடங்கும். அந்த இடைவெளியில் ஆடுவதோடு நின்றுவிடாமல் ஒரு சிறு கேமைச் செய்து பாருங்கள் என்பதுதான் என் கடைசி அறிவுரை. கிப்சனும் பெலனும் பயன்படுத்திய ‘யூனிட்டி’ மென்பொருளைத் தொடக்கநிலையில் இலவசமாகவே பெறலாம். ‘கோடோ’ என்ற மற்றொரு மென்பொருள் முழுக்க முழுக்க இலவசம். முதலில் ஒரு சதுரத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் நகர வையுங்கள். பிறகு அதைத் தாவ வையுங்கள். அந்தத் தாவல் கைக்குச் சுகமாக இருக்கும்வரை அதன் உயரத்தையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். அதன்பின் அதற்கு எதிரே ஓர் எதிரியை நிறுத்தி, அவன் கை ஓங்கும் நேரத்தைச் சரியாக்குங்கள்.

இந்த வேலை ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்து உட்காருவீர்கள். ஒரு மாதம் ஆகும். அந்த மாத முடிவில், 200 எதிரிகளைச் செய்ய ஏன் ஆறரை ஆண்டு ஆனது என்று யாரிடமும் கேட்கமாட்டீர்கள். செய்ததைக் கேம் ஜாம் ஒன்றில் நான்கு பேருக்கு ஆடக் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களிடம் வந்து “அடுத்த பாகம் எப்போது?” என்று கேட்பார். அப்போது அவருக்கு நல்ல பதில் ஒன்று சொல்லுங்கள்.